கர்ப்ப காலத்தில் கொரோனா: தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா உலக நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5 அன்று. அந்தத் தேதியோடு வைரஸ் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. இன்றும் ஒரு வீட்டில் யாருக்காவது பாசிட்டிவ் என்றால் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது அங்கிருக்கும் கர்ப்பிணியின் மேல்தான். அப்போது எழும் கேள்விகளையும், இத்தனை ஆண்டு ஆய்வுகளில் தெரியவந்த பதில்களையும் இங்கே பார்க்கலாம்.

கர்ப்பமாக இருந்தால் கொரோனா சீக்கிரம் தொற்றிக்கொள்ளுமா?

அப்படியில்லை. தொற்றும் வாய்ப்பு எல்லாருக்கும் உள்ளதுதான். தொற்றிய பிறகு நோய் முற்றும் வாய்ப்புதான் கர்ப்பிணிக்குக் கூடுதல்.

ஏன் முற்றுகிறது?

கருப்பை வளர வளர உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதே நேரம் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ வழக்கத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். சாதாரண நாளில் இதை உடம்பு சமாளித்துவிடும். நிமோனியா வந்தால் கையிருப்பு எதுவும் இல்லாததால் சட்டென்று மூச்சுத் திணறல் வருகிறது. இன்னொன்று, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க, கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். கொரோனாவும் ரத்தத்தை உறைய வைக்கும் நோய். இரண்டும் சேர்வது நல்லதல்ல. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் கர்ப்பிணிகள் பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்கள்.

தடுப்பூசி வருவதற்கு முன், 2020-இல், அறிகுறிகளோடு கொரோனா வந்த சுமார் 4 லட்சம் அமெரிக்கப் பெண்களின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐசியூவுக்குப் போனவர்கள் கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கு 10.5 பேர், மற்றப் பெண்களில் 3.9 பேர். வென்டிலேட்டர் தேவைப்பட்டது 2.9 பேருக்கும் 1.1 பேருக்கும். பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது.

வைரஸின் வகையும் முக்கியம். மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவோடு நடந்த பதிவேட்டில் கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களுமாக 1,530 பேர் இருந்தனர். முதல் அலையில் 1,143 பேர், இரண்டாம் அலையில் 387 பேர். அறிகுறிகள் தெரிந்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 28.7 சதவீதமானார்கள். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதத்துக்குப் போனது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது. இரண்டாம் அலையில் பரவிய டெல்டா வகைக்குப் பின் வந்த ஒமைக்ரான் வகைகள் அந்த அளவு மோசமில்லை. தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் பெரும்பாலோருக்கு இப்போது ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் இருக்கிறது. ஆகவே 2021-இன் பயத்தை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை, ரத்த அழுத்தம், அதிக உடல் எடை, ஆஸ்துமா உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், தடுப்பூசியே போடாதவர்கள். கர்ப்ப காலத்தில் 7-ஆம் மாதத்துக்குப் பிறகு வரும் தொற்றில் சிக்கல்கள் அதிகம்.

காய்ச்சல் இல்லையே, கொரோனாவாக இருக்காது அல்லவா?

இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் மற்றவர்களைவிடக் குறைவாகவே தெரிகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதில் ஒரு குழப்பமும் உண்டு. நிறைமாதத்தில் மாடி ஏறினாலே மேல்மூச்சு வாங்கும். அது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதே திணறுவது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போவது, நெஞ்சு அழுத்துவது, உதடு நீலம் பாய்வது எல்லாம் இயல்பில்லை.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் எடுங்கள். மற்றவர்களுக்கு 93, 94 வரை பொறுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போதிய அளவு போகும். ஒரு சின்ன விஷயம்: வளைகாப்பு முடிந்த கையோடு அளக்கிறீர்கள் என்றால் விரலைப் பாருங்கள். அடர்ந்த நெயில் பாலிஷும், கருத்துப் போன மெஹந்தியும் கருவியைத் தடுமாற வைக்கலாம். பாலிஷைத் துடைத்துவிட்டு, அல்லது மெஹந்தி படாத விரலில் மாட்டி, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தொற்றிவிடுமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அபூர்வமாகத் தொற்றும். பாசிட்டிவ் ஆன தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் சுமார் 1.8 சதவீதம் பேருக்குத்தான் தொற்று இருந்தது என்று 2022-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அதிலும் கருப்பைக்குள்ளேயே தொற்றியதாக உறுதி செய்யப்பட்டவர்கள் இன்னும் குறைவு. பிறந்த பிறகு சுற்றியிருப்பவர்களிடமிருந்து தொற்றியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற ஏற்பியும், டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியும் தேவை. நஞ்சுக்கொடியில் இவை இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து இருப்பது குறைவு. தாயின் ரத்தத்தில் வைரஸ் அதிகம் உலவுவதும் இல்லை. எனவே குழந்தைக்குக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கிறது.

என்னைக் கேட்டால், கவலையை வைக்க வேண்டிய இடம் வேறு. வைரஸ் குழந்தையைத் தொடாமலேயே அதற்குக் கெடுதல் செய்ய முடியும். தாயின் மூச்சு, தாயின் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் ஆரோக்கியம் ஆகிய மூன்றின் வழியாகத்தான் பெரும்பாலான பாதிப்பு வருகிறது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தாய்க்கு வைத்தியம் பார்ப்பதில் தயங்கக் கூடாது.

நஞ்சுக்கொடிக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் வைரஸ் நஞ்சுக்கொடியையே தாக்கிவிடுகிறது. அங்கே ஃபைப்ரின் என்ற உறைபொருள் படிந்து, தாயின் ரத்தம் ஓட வேண்டிய இடைவெளிகள் அடைபடுகின்றன, சுற்றியுள்ள செல்கள் செத்துப்போகின்றன. 12 நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் சேர்ந்து, இப்படிப் பாதிக்கப்பட்ட 68 நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 64 குழந்தைகள் வயிற்றிலேயே இறந்தவை, 4 பிறந்த பின் இறந்தவை. சராசரியாக நஞ்சுக்கொடியின் 77.7 சதவீதம் அழிந்திருந்தது. இறந்தவற்றில் பெரும்பாலான குழந்தைகளின் உடலில் வைரஸ் பாதிப்பால் வந்த சேதம் இல்லை. மூச்சுக்குக் காற்று கிடைக்காமல் போனதுதான் காரணம். அந்தத் தாய்மார்களில் ஒருவரும் தடுப்பூசி போட்டவர் இல்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், தாய்க்கு லேசான சளி, காய்ச்சலோடு போய்விட்டாலும் இது நடக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கலாம். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்ததில், கொரோனா இருந்தவர்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது 1.26 சதவீதம், இல்லாதவர்களில் 0.64 சதவீதம். டெல்டா காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடியது.

அதனால் 7-ஆம் மாதத்துக்கு மேல் கொரோனா வந்தால், வந்துபோன சில வாரங்களுக்கும் சேர்த்து, குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்து, வேறு வேலை இல்லாமல் கவனிக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே எண்ணினால் பாதி தவறிவிடும். தினமும் உதைக்கிற குழந்தை இன்று மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால், ‘நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். ராத்திரி ஆனாலும் போய் இதயத் துடிப்பைப் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள்.

குறைமாதத்தில் பிறந்துவிடுமா?

வாய்ப்பு கூடுகிறது. 18 நாடுகளில் 706 கொரோனா கர்ப்பிணிகளையும் தொற்று இல்லாத 1,424 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. குறைமாதப் பிரசவம் சுமார் 1.6 மடங்கும், ரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் போகும் பிரீ-எக்லாம்ப்சியா சுமார் 1.8 மடங்கும் அதிகமாக இருந்தன. குறைமாதப் பிரசவங்களில் கணிசமானவை தானாக வலி வந்து நடந்தவை அல்ல. தாயின் நிலை மோசமானதால் டாக்டர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க வேண்டி வந்தது. பிறந்த குழந்தை இன்குபேட்டரில் இருக்க நேர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், குழந்தைக்குக் கொரோனா என்பதல்ல.

கொரோனா சரியான பிறகும் தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் வந்தால் கரு கலையுமா, குழந்தைக்கு ஊனம் வருமா?

பிறவிக் குறைபாடுகள் கூடியதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. கருவில் ஊனத்தை உண்டாக்கும் ரூபெல்லா, ஜிகா போன்ற வைரஸ்களோடு இதை ஒப்பிட வேண்டாம். கருச்சிதைவிலும் பெரிய உயர்வு காணப்படவில்லை. கொரோனா வந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்வதற்கு மருத்துவத்தில் இடமில்லை. முதல் மூன்று மாதத்தில் அதிகக் காய்ச்சலை நீடிக்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

என்ன மருந்து சாப்பிடலாம்?

காய்ச்சலுக்கு பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். காய்ச்சலை அடக்கிக்கொண்டு மாத்திரையைத் தவிர்ப்பதில் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை. இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை, முக்கியமாக 20 வாரத்துக்கு மேல், தவிர்க்க வேண்டும்.

கொரோனாவுக்கான ஃபாவிபிராவிர் மாத்திரை 2020 ஜூனில் இந்தியாவில் அனுமதி பெற்று, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஊரெல்லாம் ஓடியது. விலங்குகளில் கருவைப் பாதிப்பது தெரிந்த மருந்து அது. கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. மோல்னுபிராவிர் என்ற இன்னொரு கொரோனா மாத்திரையும் அதே பட்டியல்தான். வீட்டில் அப்போது வாங்கி மீந்த அட்டைகள் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ‘மாமாவுக்கு இதில்தான் சரியாச்சு’ என்று எடுத்துக் கொடுக்கிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கர்ப்பிணிக்குப் பெரும்பாலும் பிரெட்னிசோலோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன். தேவைப்பட்டால் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுக்கலாம். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து இவற்றை மறுக்காதீர்கள். ஆக்சிஜன் தேவையில்லாத லேசான நோய்க்கு ஸ்டீராய்டு தேவையில்லை, சர்க்கரையை ஏற்றிவிடும்.

கபசுரக் குடிநீர்? கர்ப்பத்தில் அதன் பாதுகாப்பு பற்றிப் போதிய ஆய்வு இல்லை. மூலிகைதானே என்று தானாகக் குடிக்க வேண்டாம். ஆவி பிடிப்பதால் வைரஸ் சாகாது. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். நிறைமாத வயிற்றோடு கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிவது மட்டும் வேண்டாம், கொட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

டாக்டர் கேட்டால் எடுக்கலாம். கருவுக்குப் பாதிப்பு வரலாம் என்று கருதப்படும் கதிர்வீச்சு அளவு 50 மில்லிகிரே. நெஞ்சு சிடியில் கருவுக்குப் போவது 1 மில்லிகிரே கூட இல்லை. எக்ஸ்ரேயில் அதைவிடப் பல மடங்கு குறைவு. அதே சமயம், லேசான தொற்றுக்கு நுரையீரல் பாதிப்பின் ‘ஸ்கோர் என்ன’ என்று தெரிந்துகொள்வதற்காக சிடி எடுப்பது வீண்.

கொரோனா இருந்தால் சிசேரியன்தானா?

இல்லை. சுகப்பிரசவம் ஆகலாம். பிறப்பு வழியில் குழந்தைக்குத் தொற்றும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தாயின் மூச்சு மோசமாவது, குழந்தையின் துடிப்பு குறைவது போன்ற வழக்கமான காரணங்களுக்குத்தான் ஆபரேஷன். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் சற்றுப் பொறுத்து வெட்டும் நடைமுறையையும் கொரோனாவுக்காக மாற்ற வேண்டியதில்லை.

பிறந்ததும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா?

2020-இன் தொடக்கத்தில் சீனாவில் பிரித்தார்கள், வேறு பல நாடுகளிலும் பிரித்தார்கள். ஒன்றும் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவு, குறை சொல்ல முடியாது. ஆனால் பிரித்ததால் வந்த நஷ்டம் பெரிது. குறிப்பாக எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு. தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைத்துக் கதகதப்பு தரும் கங்காரு முறையை எல்லா இடத்திலும் விடாமல் செய்தால் 1,25,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றலாம், அதனால் கொரோனா தொற்றி இறக்கக் கூடியவர்கள் 2,000-க்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஆய்வாளர்களும் 2021-இல் மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பிரித்து வைப்பதற்கு நியாயம் சொல்வது கஷ்டம்.

தாய் ஐசியூவில் இருந்தால் வேறு வழியில்லை. மற்றபடி ஒரே அறையில் இருக்கலாம். தாய் மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும். பால் கொடுக்காத நேரத்தில் தொட்டிலைக் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம் போடலாம். குழந்தைக்கு மாஸ்க்கோ, முகத்தை மூடும் ஃபேஸ் ஷீல்டோ போடவே கூடாது, மூச்சடைத்துவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். பாலில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் எப்போதாவது கிடைத்தன, தொற்றை உண்டாக்கும் உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. எதிர்ப்புப் பொருட்கள்தான் நிறைய கிடைத்தன. மேலே சொன்ன 18 நாடுகளின் ஆய்விலும் தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குத் தொற்று கூடவில்லை.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் போக வேண்டும். தாய்க்குப் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்று, ‘அதுவரைக்கும் இதைத் தொட்டு வைக்கிறேன்’ என்பார். சேனை தொட்டு வைக்கும் பழக்கம் கொரோனாவுக்கு முன்பே விட வேண்டியதுதான். தாய்க்கு எழுந்து உட்கார முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் அல்லது கரண்டியில், உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் பல அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு.

பிறந்த குழந்தைக்கே கொரோனா வந்தால்?

பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். ஆனால் மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அது கொரோனாவோ வேறெதுவோ, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 100.4 டிகிரி தாண்டினால் ஆஸ்பத்திரிதான். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விடுவது, சிறுநீர் குறைவது, உடம்பு சில்லிட்டுப் போவது எல்லாமே அவசரம்தான். மூச்சை எண்ணும்போது குழந்தை அழாமல் இருக்க வேண்டும், முழு நிமிடம் எண்ண வேண்டும். 108-ஐ அழைத்துவிடுங்கள்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

தொடக்கத்தில் எந்தத் தடுப்பூசி ஆய்விலும் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஆகவே ஆதாரம் இல்லை, ஆகவே அனுமதி இல்லை. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு, இரண்டாம் அலை முழுவதையும் இந்தியக் கர்ப்பிணிகள் தடுப்பூசி இல்லாமலே கடந்தார்கள். மத்திய சுகாதாரத் துறை அனுமதி தந்தது 2021 ஜூலை 2 அன்று. பாதுகாப்பு என்ற பெயரில் ஆய்விலிருந்து விலக்கி வைத்ததே அவர்களைப் பாதுகாப்பில்லாமல் விட்டது என்பது என் கருத்து.

அதன்பின் உலகெங்கும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள். கருச்சிதைவோ, குறைபாடோ, குறைமாதப் பிரசவமோ கூடவில்லை. தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. கர்ப்ப காலத்தில் தாய் எம்ஆர்என்ஏ தடுப்பூசி (ஃபைசர், மாடர்னா வகை) இரண்டு தவணை போட்டிருந்தால், ஆறு மாதத்துக்குள் குழந்தை கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம் குறைந்தது என்று 2022-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வயதில் குழந்தைக்கு நேரடியாகப் போட ஊசி கிடையாது என்பதால் இது பெரிய விஷயம்.

இன்று நாட்டுக்கு நாடு பரிந்துரை மாறுகிறது. அமெரிக்க அரசு 2025 மே மாதம் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கான பரிந்துரையை நீக்கியது. அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கம் ஒப்புக்கொள்ளாமல், போட்டுக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் உடல்நிலையைச் சொல்லி, ஊசி இப்போது கிடைக்கிறதா என்றும் சேர்த்து டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பத்தில் கொரோனா வந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்குமா?

நியூயார்க்கில் 255 குழந்தைகளை ஆறு மாத வயதில் சோதித்தபோது, தாய்க்குக் கொரோனா வந்ததா வராததா என்பதால் வித்தியாசம் இல்லை. ஆனால் கொரோனா காலத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுமே முன்பு பிறந்தவர்களைவிடச் சற்றுக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். தாய்மாரின் மன அழுத்தம், ஆள் முகம் பார்க்காத வீட்டுச் சூழல் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது.

மாசசூசெட்ஸில் 18,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைத் தொடர்ந்து பார்த்து 2025-இல் வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மூன்று வயதுக்குள் பேச்சுத் தாமதம், ஆட்டிசம் போன்ற ஏதாவது ஒன்று கண்டறியப்பட்டது தொற்று இருந்தவர்களின் பிள்ளைகளில் 16.3 சதவீதம், இல்லாதவர்களின் பிள்ளைகளில் 9.7 சதவீதம். மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு இடைவெளி வெகுவாகச் சுருங்கியது, முழுதும் மறையவில்லை. தொற்றுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. பயப்படுவதைவிட, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, பேசுவது ஆகியவற்றைக் குறித்துவைத்து, தாமதம் தெரிந்தால் சீக்கிரம் காட்டுவது பலன் தரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இது இன்னும் அவசியம்.

தொற்று பரவும் நேரத்தில் செக்கப்புக்குப் போகாமல் இருப்பது நல்லதா?

நல்லதல்ல. நேபாளத்தில் 2020 ஊரடங்கின்போது ஒன்பது ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார்கள். பிரசவத்துக்கு வந்தவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆனது. பிறந்தபின் இறந்தவை ஆயிரத்துக்கு 13-லிருந்து 40 ஆனது. இவர்களில் பெரும்பாலோரை வைரஸ் கொல்லவில்லை. வண்டி கிடைக்காததும், பயமும், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாததும்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை வளர்ச்சி இவற்றை நேரில்தான் பார்க்க முடியும். மாஸ்க் போட்டுக்கொண்டு போய்வாருங்கள். பிறந்த குழந்தைக்கான பிசிஜி, போலியோ, ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்துகளையும் தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது?

மருமகள் சொன்னால் மனஸ்தாபம், மகன் சொன்னால் கோபம். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். சளி, இருமல் உள்ளவர் வர வேண்டாம், வந்தவர் கை கழுவ வேண்டும், முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது. குளிரூட்டிய மூடிய அறையில் கூட்டமாக உட்காருவதைவிட வராந்தாவில் வைத்துக் காட்டி அனுப்பலாம்.

கொரோனா சரியான பிறகு எப்போது கருத்தரிக்கலாம்?

காத்திருக்க வேண்டிய காலக்கெடு எதுவும் இல்லை. உடம்பு தேறினால் போதும். கணவருக்குக் காய்ச்சலோடு வந்திருந்தால் விந்தணு எண்ணிக்கை சில மாதங்களுக்குக் குறைந்து பிறகு பெரும்பாலும் சரியாகும். ஃபாவிபிராவிர் அல்லது மோல்னுபிராவிர் சாப்பிட்டவர்கள் மட்டும், கணவரானாலும் மனைவியானாலும், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருந்தின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.